தோட்ட வேலைக்கு வரும் தம்பிகளுக்கு: முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பையன்கள் மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு வந்துவிடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, முடி வெட்ட, மாசத்துக்கு ஒரு தடவையாவது நல்ல சாப்பாடு சாப்பிட. சாய்ந்த கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில் நான் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பேன் என்று அவர்களில் பலருக்குத் தெரியும். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நாலாக மடித்த சம்பளச் சீட்டை நீட்டுவார்கள். இருபத்திரண்டு வருடம் தோட்டத்தில் கிராணியாக (ஆபீஸ் கணக்கராக) இருந்தவன் நான், அதாவது அந்தச் சீட்டை எழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அதனால் சீட்டைப் பிரிக்கும் முன்பே ஒன்று கேட்பேன்: உங்கள் கணக்கு எங்கே?

"என் கணக்கா? அதைத்தான் கிராணி எழுதுறாரே அண்ணே."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து மலேசியாவில் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்துக்கு வந்திருப்பவர்களுக்கும், வரலாமா என்று யோசிப்பவர்களுக்கும்.

விமானம் ஏறும் முன்

பத்தாவது முடிக்காதவர் என்றால் உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையாக இருக்கும், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும் வகை. மலேசியா அந்தப் பட்டியலில் உள்ள நாடு, அதனால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி வாங்கித்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்காக உங்களிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வரி, அவ்வளவுதான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும் பையன்களை நான் பார்க்கிறேன். வட்டி கட்டுவதற்கே முதல் வருடம் போய்விடுகிறது, அந்தக் கடன் தலைக்கு மேல் இருப்பதால்தான் இங்கே எது நடந்தாலும் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். கொடுக்கும் காசுக்கு ரசீது கேளுங்கள். ரசீது தராதவனிடம் காசைத் தராதீர்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் எடுத்தாக வேண்டும், சில நூறு ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கிடைக்கும்.

"டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் பெர்மிட்டா மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் அது பொய். அப்படி வந்தவர்களை இங்கே "கோசோங்" என்பார்கள், வெறும் ஆள் என்று அர்த்தம். இமிக்ரேஷன் லோரி வந்தால் இரவோடு இரவாகச் செம்பனைக் காட்டுக்குள் ஓடிப் படுப்பது அவர்கள்தான். பெர்மிட்டில் எந்தத் துறை என்று எழுதியிருக்கும். தோட்டத்துக்கு "பெர்லாடாங்கான்" என்று இருக்க வேண்டும். தோட்ட பெர்மிட்டில் வந்துவிட்டுச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தாலும் மாட்டினால் மாட்டியதுதான்.

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் வைத்திருந்தால், போன் சாக்கடையில் விழுந்த அன்று எல்லாம் போய்விடும். ஒரு பையனுக்கு அப்படியே ஆனது.

நோட்டு

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பால்மரம் வெட்டப் போன ஒவ்வொரு நாளுக்கும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். மழை வந்து பாதியில் திரும்பினால் பாதிக் கோடு. சம்பளத்தன்று கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்கு வருவாராம், அவர் வருவதைப் பார்த்தால் கிராணி செக்ரோலை, அதாவது வருகை-சம்பளப் பேரேட்டை, இன்னொரு தடவை கூட்டிப் பார்ப்பாராம். பாட்டி போட்ட கரிக்கோடுதான் உங்கள் நோட்டு. ஒரே வித்தியாசம், நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

நாற்பது பக்க நோட்டு போதும், சட்டைப் பையில் நுழைகிற அளவு. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அன்றன்றைக்கு எழுத வேண்டும், வாரக் கடைசியில் உட்கார்ந்து யோசித்து எழுதுவது கணக்கு ஆகாது. ஒரு நாளுக்கு இவ்வளவு போதும் (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசை, குலை என்பது செம்பனைப் பழக்குலை, மாண்டோர் என்பது மேஸ்திரி):

14 செவ்வாய். பெரட்டு 5.45. பிளாக் 7. வெட்டு 6.40 முதல். மழை 11.20, விட்டது 12. முடிந்தது 3.15. குலை 92. மாண்டோர் எழுதியது 88.

கடைசி இரண்டு எண்களையும் பாருங்கள். நீங்கள் வெட்டியது 92, அவர் எழுதியது 88. நாலு எங்கே போனது என்று அன்றைக்கே, லோரி குலையை ஏற்றும் முன்பே கேட்க வேண்டும். பச்சைக் குலை என்று கழித்திருக்கலாம், காம்பை நீளமாக விட்டதற்கு வெட்டியிருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து நிறத்தைப் பார்த்தே குலையை இறக்கிவிடுகிறார்கள். மரத்தடியைப் பாருங்கள், பழம் தானாக உதிர்ந்து கிடந்தால்தான் குலை பழுத்திருக்கிறது. ஆனால் காரணம் எதுவானாலும் நோட்டில் எழுதுங்கள்: "4 பச்சை என்றார்." மாதம் முழுக்க தினமும் நாலு நாலாகப் போனால் அது பச்சைக் குலை இல்லை, வேறு ஏதோ.

பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று, "இன்னைக்கு வேலை இல்லை, போ" என்று திருப்பி அனுப்பிய நாளையும் எழுதுங்கள். அதை யாரும் எழுதுவதே இல்லை. வேலை செய்த நாள்களை வைத்துச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும், வேலை கொடுக்க முடியாவிட்டால் வேலை செய்யத் தயாராக வந்த அந்த நாளுக்கும் கூலி தர வேண்டும் என்பது 1955 வேலைச் சட்டத்தில் தோட்டத்துக்கென்றே இருக்கும் விதி. நீங்கள் தயாராக வந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி யாரிடம் இருக்கிறது? அதற்குத்தான் அந்த வரி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, வெட்கமான காரணம். 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக வந்தது, அப்போது தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி, அதாவது ரிங்கிட். குலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும் கூலி அதற்குக் கீழே நின்றால் மீதியை முதலாளி போட்டு நிரப்ப வேண்டும். நான் இருந்த தோட்டத்தில், பெயர் வேண்டாம், மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து வாய்மொழியாக உத்தரவு வரும்: இன்னின்னாருக்கு மூன்று நாள் ஆப்சென்ட் போடு. வேலைக்கு வராதவனுக்கு நிரப்ப வேண்டியதில்லை அல்லவா? நானும் போட்டேன். ஒரு மாதம் பங்களாதேஷ் பையன் ஒருவன் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான். பேசவே இல்லை. போனைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினான். தினமும் விடியும் முன் பெரட்டுக் களத்து விளக்குக் கம்பத்தடியில் நின்று தன்னைத்தானே எடுத்த படம், தேதியோடு. நான் ஆப்சென்ட் போட்ட மூன்று நாளும் அதில் இருந்தன. மூன்று படத்தில் ஒன்றில் அவனுக்குப் பின்னால் நானே பேரேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவனுக்கு மட்டும் கணக்கைத் திருத்தினார்கள். மற்றவர்களிடம் படம் இல்லை.

சம்பளச் சீட்டை எப்படிப் பார்ப்பது

இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கு வந்தது, ஆகஸ்டிலிருந்து எல்லோருக்கும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதுதான். வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. 26 நாளால் பெருக்கிப் பாருங்கள், 1,700க்குப் பன்னிரண்டு காசுதான் குறையும், அப்படி வருகிற எண் அது. குலைக் கணக்கில் வெட்டுகிறவர் மாதம் முழுக்க வந்தும் 1,400தான் வருகிறது என்றால் மீதி 300ஐ அவர்கள் சேர்த்துத் தர வேண்டும். "பழம் இல்லாத சீசன்" என்பது மரத்தின் பிரச்சினை, உங்கள் பிரச்சினை இல்லை.

வார வேலை நேரம் 2023 முதல் 45 மணி, அதற்கு முன் 48. சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது நாளுக்கு எட்டு மணி என்று வைத்தால் மணிக்கு 12 வெள்ளி 26 காசுக்குக் குறையக் கூடாது. ஓய்வு நாளில் பாதி நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் கூலி, குலைக் கணக்கு என்றால் குலை விலை இரட்டிப்பு. பொது விடுமுறையில் வேலை செய்தால், அந்த விடுமுறைக்கு எப்படியும் வரும் கூலியோடு இன்னும் இரண்டு நாள் கூலி. மே தினத்தன்று வேலைக்குக் கூப்பிட்டால் போங்கள் தாராளமாக. ஆனால் நோட்டில் அந்தத் தேதிக்கு வட்டம் போடுங்கள்.

அடுத்து "போத்தோங்கான்" என்ற பகுதி, கழிவு. முக்கால்வாசிச் சண்டை இங்கேதான். சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சிறு தொகை, 2025 அக்டோபர் முதல் இ.பி.எஃப். என்ற சேமநிதிக்கு இரண்டு விழுக்காடு, நீங்கள் வாங்கிய முன்பணம், இவையெல்லாம் சரி. முன்பணத்துக்கு வட்டி போடக் கூடாது. லெவி, அதாவது வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் வரி என்று எழுதியிருந்தால் அது தப்பு, 2018 முதல் லெவி முதலாளி தலையில். கையுறை, பூட்ஸ், தலைக்கவசம், மருந்தடிக்கும் முகமூடி இவற்றுக்கும் பிடிக்கக் கூடாது, பாதுகாப்புக்காகத் தருவதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. "லாய்ன்-லாய்ன்" என்று ஒரு வரி இருந்தால், அதாவது இதர வகை என்று, விடாதீர்கள். அந்த இதரவில் என்னவெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும், ஆபீஸ் தண்ணீர் வடிகட்டி வரைக்கும் போகும்.

சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடம்தான் இருக்க வேண்டும், மாண்டோரிடம் இல்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் எட்டுப் பேர் அட்டையை ஒரே ரப்பர் பாண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த மாண்டோரை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கும் வீடு

பாட்டி காலத்தில் ஒரு லயத்தில் ஒரு அறை, வாசலில் அடுப்பு, கக்கூஸ் கடைசியில். இப்போது அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 446ஆம் எண் சட்டம் என்பார்கள். தோட்டங்களுக்கு 1990இலிருந்தே உண்டு, பிறகு திருத்தி விதிகளை இறுக்கினார்கள். போய் இறங்கிய முதல் நாள் இதைச் சரிபாருங்கள்: ஆளுக்கு ஒரு கட்டில், நாலு அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுப் போட்ட ஒரு பெட்டி அலமாரி. பெரிய கூடமாக இருந்தால் ஆளுக்கு மூன்று சதுர மீட்டர் இடம், பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பறை. தனி வீடாக இருந்தால் ஆறு பேருக்கு ஒன்று. முதலாளி அந்த வீட்டுக்கு லேபர் ஆபீசிலிருந்து சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டு பேருக்கு ஒரு மெத்தை, ராத்திரி ஷிப்ட் பகல் ஷிப்ட் என்று மாறி மாறிப் படுப்பது எதுவும் கூடாது. படம் எடுத்து வையுங்கள். மழை ஒழுகும்போது எடுத்த படம் பத்து மனுவுக்குச் சமம்.

மருந்தும் காயமும்

என் அம்மா மருந்தடிக்கும் கும்பலில் இருந்தவர். முதுகில் தகர டப்பா, காலில் சிலிப்பர், வாயில் ஒரு துணி. கைநகங்கள் வெள்ளையாகித் தானாகக் கழன்று விழும், மறுபடி முளைக்கும், மறுபடி விழும். பாராகுவாட். அந்த மருந்தை 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். பழைய கேனில் யாராவது அந்தப் பெயரோடு கொடுத்தால் வாங்காதீர்கள், லேபிளைப் படம் எடுங்கள். மற்ற மருந்துகளும் ஒன்றும் சர்பத் இல்லை. மலாயில் "ராச்சுன்" என்றால் விஷம். காலிக் கேனைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எவ்வளவு கழுவினாலும் போகாது. மருந்தடித்த துணியைத் தனியாகத் துவையுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குலை வெட்டுகிறவர்களுக்கு ஆபத்து மேலிருந்துதான். மட்டை, குலை, கண்ணில் விழும் தூசி. எல்லாவற்றையும் விட மோசம் மின்கம்பி. அரிவாள் கட்டும் நீளக் கம்பு அலுமினியம், மேலே கம்பி போகும் வரிசையில் அதைத் தூக்கவே தூக்காதீர்கள், மாண்டோர் திட்டினாலும் சரி. மழைக்காலத்தில் வாய்க்காலில் இறங்கி ஏறிய பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்றால் டாக்டரிடம் "தோட்டத்தில் வேலை" என்று முதலில் சொல்லுங்கள், எலிக் காய்ச்சலாக இருக்கலாம், பனடோல் (காய்ச்சல் மாத்திரை) போட்டுக்கொண்டு படுத்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

அடிபட்டால் கிளினிக்கில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம்தான் பின்னால் பேசும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, நான் செலவைப் பார்த்துக்குறேன்" என்று காதில் ஓதுவார்கள். சொல்லாதீர்கள். வேலையில் அடிபட்டது, எந்த பிளாக், எத்தனை மணி, அவ்வளவுதான். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோவின் விபத்துக் காப்பு உண்டு, வைத்தியச் செலவும் வேலைக்குப் போக முடியாத நாளுக்குப் படியும் அதில் வரும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "பாத்ரூம்" என்று ஒரு தடவை கார்டில் ஏறிவிட்டால், பிறகு அது வேலைக் காயம் என்று நிரூபிக்க நாய் படாத பாடு படுவீர்கள்.

பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாமா

1966 பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது குற்றம், சிறைகூட உண்டு. "ஓடிப் போயிடுவீங்க, அதான் பத்திரமா வைக்கிறோம்" என்பார்கள். பெர்மிட் புதுப்பிக்க வாங்கினால் வாங்கிக்கொண்டதாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், வேலை முடிந்ததும் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போய்க் கேட்காமல் ஐந்தாறு பேராகப் போய்க் கேளுங்கள், தோரணையே வேறு மாதிரி இருக்கும். என் அபிப்பிராயம், வந்த முதல் வாரமே இதற்காகக் கதவை உதைக்க வேண்டாம். கேட்ட தேதியை, அவர் சொன்ன பதிலை நோட்டில் எழுதுங்கள்.

எவ்வளவு கோபம் வந்தாலும் ஓடிப் போகாதீர்கள். தோட்டத்தை விட்டு ஓடிய அன்று உங்கள் மேல் ரிப்போர்ட் கொடுப்பார்கள், பெர்மிட் போய்விடும், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும். தோட்டத்துக்குள் இருந்துகொண்டே புகார் கொடுக்க முடியும். லேபர் ஆபீசில் புகாருக்குக் காசு கிடையாது. வக்கீலும் வேண்டாம், சம்பள வழக்கை அங்கேயே விசாரிப்பார்கள். போனிலேயே புகார் கொடுக்க "வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்" என்ற செயலியை 2021இல் கொண்டுவந்தார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கம், என்.யூ.பி.டபிள்யூ., அதில் வெளிநாட்டவரும் சேரலாம். அதன் மேல் நம் ஆட்களுக்கே ஆயிரம் குறை உண்டு, எனக்கும் உண்டு, இருந்தாலும் தனியாக நிற்பதற்குச் சந்தா கட்டுவது மேல். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தெனாகானித்தா அமைப்பும், கோலாலம்பூரில் இந்தியத் தூதரகமும் இருக்கின்றன.

இன்னொன்று. 2020இல் இங்கிருக்கும் இரண்டு பெரிய கம்பெனிகளின் பாமாயிலை, கட்டாய வேலை வாங்குகிறார்கள் என்று சொல்லி அமெரிக்கா உள்ளே விட மறுத்தது. அதிலிருந்து "ஆடிட்", அதாவது வெளியாட்கள் வந்து சோதிப்பது, என்ற வார்த்தைக்கு மேனேஜர்கள் நடுங்குகிறார்கள். ஆடிட் வருகிற வாரம் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், கக்கூசில் சோப்பு வைப்பார்கள், யார் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துவார்கள். ஆடிட்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் பாடத்தை ஒப்பிக்க வேண்டாம், நோட்டைத் திறந்து காட்டுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி அப்படி நோட்டோடு வந்தான். மூன்று மாதம் ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தான், வியர்வையில் ஓரமெல்லாம் மஞ்சள். சீட்டில் 23 நாள், நோட்டில் 26. கிராணியிடம் காட்டினான், திருத்திக் கொடுத்துவிட்டார்கள், பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அடுத்த நோட்டு வாங்க மளிகைக் கடைக்கு நானும் கூடப் போனேன். ஜெல் பேனாவை எடுத்தான், வேண்டாம் என்றேன், மழையில் கரையும், சாதாப் பேனாவே போதும். அழிப்பான் ஒன்றும் எடுத்து வைத்திருந்தான். அதையும் திருப்பி வைக்கச் சொன்னேன். தப்பாக எழுதினால் மேலே ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும், லேபர் ஆபீசர் அப்படி இருக்கும் பக்கத்தைத்தான் நம்புவார்.